பாட்டுக்கு யார் முகம்? மியூசிக் வீடியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு பாட்டை உருவாக்கிப் பதிவு செய்துவிட்டு, அதற்குப் படம் எடுக்கப் புறப்படுகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளின் தொகுப்பு இது. நான் படத்தொகுப்பாளன் என்பதால், இவற்றில் பெரும்பாலானவை படப்பிடிப்பு முடிந்து கைக்காசும் கரைந்த பிறகே என் மேசைக்கு வந்து சேர்ந்தன. அடுத்து வருகிறவர்களாவது படப்பிடிப்புக்கு முன்பே இவற்றைப் படிக்கட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

மியூசிக் வீடியோ என்று எதைச் சொல்கிறீர்கள்? திரைப்படப் பாடல் காட்சியும் அதில் அடங்குமா?

ஒரு பாட்டைக் கேட்க வைப்பதற்காகவும், மறக்காமல் வைத்திருக்கச் செய்வதற்காகவும் மட்டுமே எடுக்கப்படும் குறும்படம் மியூசிக் வீடியோ. அதில் பாட்டு எசமான். படம் அதற்கு ஏவலாள். திரைப்படப் பாடல் காட்சியிலோ பாட்டு ஒரு கதையின் நடுவில் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து பிறக்கிறது என்பதால், அதன் முதல் கடன் கதைக்குத்தான்.

இப்படிப் பிரித்துச் சொல்லலாமே தவிர, தமிழ்நாட்டில் இந்தக் கோடு என்றைக்குமே அழுத்தமாக விழுந்ததில்லை. சென்னைத் தொலைக்காட்சி வெள்ளிக்கிழமை மாலைகளில் 'ஒளியும் ஒலியும்' ஒளிபரப்பியபோது, பல படங்களிலிருந்து கத்தரித்தெடுத்த பாடல் காட்சிகளை, எந்தப் படம், என்ன கதை என்று தெரியாமலே தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது. மியூசிக் வீடியோ என்ற பெயரை அறியாமலே அதைப் பார்க்கும் பழக்கம் நமக்கு அப்போதே வந்துவிட்டது. இன்றைக்கும் திரைப்படத்தில் இடம்பெறாத பாட்டை 'ஆல்பம் சாங்' என்று தனிப்பெயர் சூட்டித்தான் சொல்கிறோம். திரைப்பாட்டுக்கு அப்படி அடைமொழி எதுவும் தேவைப்படுவதில்லை என்பதிலிருந்தே எது நமக்கு இயல்பு, எது விலக்கு என்பது விளங்கும்.

இந்த மரபுகளெல்லாம் எங்கிருந்து வந்தன?

பாடகர் நேரில் வர முடியாத இடத்துக்கு அவருக்குப் பதிலாக அனுப்பிய படத்திலிருந்து வந்தன. அமெரிக்காவில் 1940களில் விடுதிகளிலும் உணவகங்களிலும் நாணயம் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும் பெட்டிகள் இருந்தன. அதில் ஓடிய மூன்று நிமிடப் படங்களுக்கு 'சவுண்டீஸ்' என்று பெயர். 1966இல் பீட்டில்ஸ் குழுவினர், தொலைக்காட்சி நிலையங்களுக்கெல்லாம் நேரில் போய்வர முடியாததால், லண்டனில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் தாங்கள் பாடுவதுபோல் படம் எடுத்து அனுப்பினார்கள். 1975இல் குவீன் குழுவுக்கும் அதே நெருக்கடி. ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டில் குரல்கள் அடுக்கடுக்காகப் பதிவாகியிருந்தன. அதைத் தொலைக்காட்சி மேடையில் நின்று வாயசைத்துக் காட்டினால் எடுபடாது. போதாததற்குச் சுற்றுப்பயணமும் குறுக்கே நின்றது. சில மணி நேரத்தில் எடுத்து முடித்த படமே அவர்களுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் தோன்றியது.

1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது, இத்தகைய படங்களை நாள் முழுவதும் ஓட்டும் அலைவரிசை ஒன்று உருவாயிற்று. இசைத்தட்டு நிறுவனங்கள் தம் விளம்பரமாகக் கருதிக் கொடுத்த படங்களே அதன் சரக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல மரபுகளின் காரணம் தானாகவே விளங்கிவிடும். பாடகரின் முகம் ஏன் இத்தனை முறை அருகில் வருகிறது, தொடக்கத்திலும் முடிவிலும் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஏன் ஓரத்தில் எழுத்தாக வருகின்றன, இயக்கியவர் பெயர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அந்த ஒரே காரணத்தில் அடங்கும். இயக்குநர் பெயரையும் அந்த எழுத்து வரிசையில் சேர்க்க அந்த அலைவரிசைக்கு 1992 வரை ஆயிற்று.

பார்வையாளர் முதலில் எதிர்பார்ப்பது என்ன?

குரலுக்கு உரிய முகத்தை. மியூசிக் வீடியோவைப் பற்றி எழுதியவர்களுள் முக்கியமானவரான ஆண்ட்ரூ குட்வின், 1992இல் வெளிவந்த தம் நூலில், பாடகரின் முகத்தை அண்மைக் காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவது இசை நிறுவனங்களின் தேவையிலிருந்து பிறந்த மரபு என்று சுட்டிக்காட்டுகிறார். நிறுவனத்தின் தேவையாகத் தொடங்கியது, காலப்போக்கில் பார்ப்பவரின் தேவையாகவே ஆகிவிட்டது. 1990இல் ஷினேட் ஓ'கானரின் ஒரு பாட்டுக்கு எடுத்த படத்தில், பெரும்பகுதி நேரம் கறுப்புப் பின்னணியில் அவர் முகம் மட்டுமே இருக்கிறது. முடியும் தறுவாயில் கண்ணீர் வழிகிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர் எவரும் வேறு எதையும் கேட்கவில்லை.

தமிழ்ப் பார்வையாளரோ முற்றிலும் வேறொரு பள்ளியில் படித்தவர். பின்னணிப் பாடல் முறை வேரூன்றிய பிறகு, குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்பதை நாம் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை எம்.ஜி.ஆர். முகத்திலும் கமல் ஹாசன் முகத்திலும் ரஜினிகாந்த் முகத்திலும் ஒரே நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்ட கண்கள் நம்முடையவை. லண்டனிலோ நியூயார்க்கிலோ வேறொருவர் வாயசைத்தால் மோசடி என்பார்கள். கோடம்பாக்கத்தில் அது நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட தொழில். ஆகவே 'ஆல்பம் சாங்' எடுப்பவர் முன்னால் நிற்கும் முதல் கேள்வி, இந்த இரண்டு பழக்கங்களில் எதன்மீது நிற்கப் போகிறோம் என்பதுதான்.

பலரும் இரண்டின்மீதும் ஒரே நேரத்தில் நிற்கப் பார்க்கிறார்கள். பல்லவியில் பாடகர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியின் முன் கண்மூடிப் பாடுவார். சரணத்தில் அதே குரலுக்கு ஓர் அழகான இளைஞர் கடற்கரையில் வாயசைப்பார். அடுத்த பல்லவியில் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடம். பார்ப்பவர் இருவரில் யாரோடும் ஒட்ட முடியாமல் நழுவிப் போகிறார். இளைஞர் நடிக்கட்டும், ஆனால் வாயசைக்க வேண்டாம். அல்லது பாடகர் முழுவதும் ஒதுங்கிக் கொள்ளட்டும். முதல் சரணம் தொடங்குவதற்குள் யாருடைய முகம் இந்தக் குரலுக்கு என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

முகமும் குரலும் ஒன்றாகச் சேரும்போது தமிழிலும் என்ன நடக்கும் என்பதற்கு 2011 நவம்பர் 16 அன்று வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' சான்று. '3' என்ற திரைப்படத்தின் பாட்டு அது. ஆனால் வெளியிட்டது படத்தின் காட்சியை அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் பாடுவதையும் அனிருத் உடனிருப்பதையும் காட்டும் படத்தை. பாடுகிறவரே எழுதியவர், அவரே நடிகர் என்பதால் எந்த வேறுபாடும் எழவில்லை. அடுத்த ஆண்டு திரைப்படம் வந்தபோது அதில் இருந்த காட்சியைவிட அந்தக் கூடத்துக் காட்சியே என் நினைவில் நின்றது. கேட்டுப் பார்த்தால் உங்கள் நண்பர்களும் அப்படியே சொல்லக்கூடும். அதற்கு முன்பு 2010இல், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்காக மு.கருணாநிதி எழுதி ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்து கௌதம் வாசுதேவ் மேனன் படமாக்கிய பாட்டிலும், டி.எம்.சௌந்தரராஜன் முதலாகப் பல தலைமுறைப் பாடகர்கள் தங்கள் சொந்த முகத்தோடு வந்தார்கள். பல ஆண்டுகள் குரலாக மட்டுமே தெரிந்தவர்களைப் பார்க்கும் மகிழ்ச்சி அந்தப் படத்தின் பாதி பலம்.

வாயசைப்பு கட்டாயமா?

இல்லை. நம் திரைத்துறையில் 'மான்டேஜ் பாட்டு' என்று ஒரு வகையே இருக்கிறது; பாட்டு பின்னால் ஓட, பாத்திரங்கள் பாடாமல் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பாடகருக்கும், குறைந்த நாட்களில் எடுக்க வேண்டியவர்களுக்கும் அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

வாயசைப்பது என்று முடிவெடுத்துவிட்டால் மட்டும் அரைகுறை கூடாது. படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஓடவிடுவதற்கு 'நாகரா' என்பார்கள்; அந்தப் பெயருடைய ஒலிப்பதிவுக் கருவி போய்ப் பல காலமாகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அது உரக்க ஒலிக்க வேண்டும், பாடுகிறவரும் மெய்யாகவே குரலெடுத்துப் பாட வேண்டும். உதட்டை மட்டும் அசைப்பவரின் கழுத்து நரம்பு அசையாது. பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் என்று தெரிந்துவிடும். ப, ம ஆகிய எழுத்துகளில் உதடு ஒட்டியே ஆக வேண்டும் என்பதால் இரண்டு மூன்று ஃபிரேம், அதாவது ஓடும் படத்தின் தனித்தனிப் படச் சட்டங்கள், விலகினாலும் அங்கேதான் குட்டு வெளிப்படும். அக்காலப் புலவர்கள் உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே நிரோட்டகம் என்ற செய்யுள் வகையைப் பாடிவைத்தார்கள்; வாயசைப்பைச் சரிசெய்து சலித்த இரவுகளில், பாடலாசிரியர்கள் அதை மீண்டும் கையில் எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு.

உடல் மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாடவைத்து, விநாடிக்கு 48 ஃபிரேம் கணக்கில் எடுத்து, 24 ஃபிரேமில் ஓட்டினால் உடலின் அசைவு பாதியாகும். உதடு பாட்டின் உண்மையான வேகத்துக்கு வந்து நிற்கும். இதைவிடக் கடினமான உழைப்பும் உண்டு. கோல்ட்பிளே குழுவின் 'தி சயின்டிஸ்ட்' படத்தில் நிகழ்ச்சிகள் முழுவதும் பின்னோக்கி ஓட, பாடகரின் உதடு மட்டும் முன்னோக்கிப் பாடும். அதற்காகக் கிறிஸ் மார்ட்டின் பாட்டைக் கடைசி ஒலியிலிருந்து முதல் ஒலி வரை தலைகீழாக மனப்பாடம் செய்தார். ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

பாட்டின் வரிகளை அப்படியே படமாகக் காட்ட வேண்டுமா?

வரிக்கும் படத்துக்கும் மூன்று விதமான உறவு இருக்கலாம் என்பது குட்வினின் பகுப்பு: வரி சொல்வதைப் படம் எடுத்துக்காட்டலாம், சொன்னதோடு நிற்காமல் மேலும் வளர்க்கலாம், வரிக்குத் தொடர்பே இல்லாமலோ எதிராகவோ போகலாம். 'நிலா' என்று பாடியவுடன் நிலாவைக் காட்டுவது முதல் வகை. இதை ஒரேயடியாகக் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் முதன்முறை கேட்பவருக்கு அது வரியைப் புரியவைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு படம் என்று போனால், பாலர் பள்ளியின் அரிச்சுவடி அட்டையைப் புரட்டுவதுபோல் ஆகிவிடும்.

பெரும்பாலான நல்ல படங்கள் இரண்டாம் வகை. 2021 மார்ச்சில் தீ, அறிவு என்ற இரு பாடகர்கள் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, மாஜா நிறுவனம் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமித் கிருஷ்ணன் இயக்கிய அந்தப் படத்தில், நிலத்தை உழுதும் நிலமற்றுப் போனவர்களைப் பற்றிய வரிகளுக்கு யாரும் ஏர் பிடித்துக் காட்டவில்லை. வறண்ட நிலமும் அடர்ந்த பசுமையும், விழாக்கோலம் பூண்ட மனிதர்களும் அடுத்தடுத்து வந்து, வரியில் இருக்கும் இழப்பின்மேல் ஒரு கம்பீரத்தை ஏற்றி வைக்கின்றன. ஒப்பாரியின் சாயல் கொண்ட சொற்களுக்குக் கொண்டாட்டத்தின் உடை. அழுகையை மட்டும் காட்டியிருந்தால் இத்தனை பேர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

மூன்றாம் வகையில் இறங்க முதலில் மெட்டு வலுவாக இருக்க வேண்டும். படமும் வரியும் பிரிந்து போகும்போது பார்ப்பவர் பற்றிக்கொள்ள மிஞ்சுவது மெட்டு மட்டும்தான்.

வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தில்தான் விழ வேண்டுமா?

தாளத்தில் விழலாம், ஒவ்வொரு தட்டிலும் விழக் கூடாது. கணக்கு எளியது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது 24 ஃபிரேம் வேகத்தில் 12 ஃபிரேம். தட்டுக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் நான்கு நிமிடப் பாட்டில் 480 வெட்டுகள். இரண்டாவது பல்லவி வருவதற்குள் கண் மரத்துவிடும், அதன்பிறகு எந்த வெட்டுக்கும் மதிப்பிருக்காது. பல்லவி தொடங்கும் இடம், இடையிசையில் ஒரு வாத்தியம் நுழையும் இடம், திடீரென்று எல்லாம் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இடம் ஆகியவற்றில் வெட்டை வைத்து, மற்ற இடங்களில் நடனத்தின் அசைவையும் பாடகரின் மூச்சையும் பின்பற்றினால் போதும். தட்டு விழுவதற்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்பே வெட்டுவது என் பழக்கம். கண்ணுக்குப் புதுக் காட்சியைப் பிடிக்க ஒரு கணம் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் குத்துப்பாட்டுகள் பலவும் திஸ்ர நடையில், மூன்று மூன்றாக உருள்பவை. நான்கு தட்டுக்கென்று அமைத்த ஆயத்த வார்ப்புகளை மென்பொருளில் இறக்கி அவற்றின்மேல் ஒட்டினால், பறையடிக்குக் கால் ஒரு பக்கமும் வெட்டு ஒரு பக்கமும் இழுக்கும்.

கதை இருக்க வேண்டுமா?

இருந்தால் பாட்டின் நேரத்துக்குள் முடிய வேண்டும். 1983 டிசம்பர் 2 அன்று எம்டிவியில் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஏறக்குறைய 14 நிமிடம் ஓடியது. ஜான் லாண்டிஸ் என்ற திரைப்பட இயக்குநர் எடுத்தது. 2009இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் மியூசிக் வீடியோ என்ற பெருமையும் அதற்கு உண்டு. அதைக் காட்டித்தான் பலரும் பாட்டுக்கு முன்னால் மூன்று நிமிட வசனக் காட்சி வைக்கிறார்கள். அவர்கள் மறந்துவிடுவது, அந்தப் பாட்டு அதற்குள் ஓராண்டுக்கு முன் வெளியான இசைத்தொகுப்பில் உலகம் முழுக்கக் கேட்டுப் பழகிய ஒன்று என்பதை. பாட்டு வரும் என்று காத்திருக்கப் பார்ப்பவருக்குக் காரணம் இருந்தது. யாருக்கும் தெரியாத பாட்டுக்கு முன்னால் இரு நண்பர்கள் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தால், விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும்.

கதையைத் துண்டு துண்டாக, இடையிசைகளில் நகர்த்துவதே என் பரிந்துரை. பல்லவி திரும்ப வரும்போது அதே வரி வேறொரு பொருள் தருமாறு கதை அதற்குள் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் போதுமானது.

இசை வகைக்கு ஏற்ப எதிர்பார்ப்பு மாறுமா?

நிச்சயமாக மாறும். ராக் பாட்டென்றால் குழு வாசிப்பதைப் பார்க்க வேண்டும். விரல் கிதாரில் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கவனிக்கும் கூட்டம் அது. பாப் பாட்டென்றால் ஒத்திசைந்த நடனம். ஹிப் ஹாப் என்றால் பாடுகிறவரின் தெரு, அவருடைய தோழர்கள், கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் காமிரா. தமிழில் இந்த இலக்கணத்தை முன்னெடுத்தவர்களுள் மலேசியத் தமிழர்களுக்குப் பெரிய இடமுண்டு. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தபோதே, சென்னையில் பலர் தமிழ் ராப்பைத் திரைப்படத்துக்கு வெளியே முதன்முதலாகக் கேட்டார்கள்.

கானாவுக்கு எதிர்பார்ப்பு இன்னும் கறாரானது. அது வடசென்னையின் தெருவில் பிறந்தது. அத்தெருவைச் சேர்ந்தவர்கள், காட்டப்படும் சந்து மெய்யா, செட்டா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். அதே நேரத்தில், வகைக்கென்று வகுத்த உடையே சிறையாகவும் ஆகலாம். 2018 ஜனவரியில், திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், கானாப் பாடகர் என்றால் கண்முன் வரும் தோற்றத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் அணிந்து சென்னையில் மேடையேறினார்கள். அந்த உடை எத்தனை பேர் மனத்தில் அம்பேத்கரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மரபை மீறினால் பார்வையாளர் ஏற்பாரா?

ஒன்றை மீறுங்கள், மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். 1985இல் நார்வேயின் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' படத்தில் பென்சில் ஓவியமாக இருக்கும் நாயகன், படக்கதையைப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் கை நீட்டி அதற்குள் அழைத்துக்கொள்கிறான். ஆனால் பாடகரின் முகம், காதல், துரத்தல் எல்லாம் வழக்கம்போல் இருக்கின்றன. மறு ஆண்டு பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' படத்துக்காக, அவர் பல மணி நேரம் ஒரு கண்ணாடிப் பலகையின்கீழ் அசையாமல் படுத்திருக்க, ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தார்கள். பழங்களும் மீன்களும் களிமண்ணும் திரையை நிறைத்தாலும், நடுவில் பாடிக்கொண்டிருப்பது அவர் முகமேதான். 2006இல் ஓகே கோ குழுவினர் எட்டு நடைப்பயிற்சி இயந்திரங்களின்மேல் ஆடிய ஆட்டத்தை, ஒரே இடத்தில் நிறுத்திய காமிராவில் வெட்டே இல்லாமல் எடுத்தார்கள். வெட்டு என்ற மரபு போனது. நடனமும் குழுவின் முகங்களும் இருந்தன. அதில் செலவானது பணத்தைவிட ஒத்திகை. கையில் காசில்லாதவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் படம் அதுதான்.

லிரிக் வீடியோவுக்கும் மரபு உண்டா?

உண்டு. பாட்டின் வரிகளையே திரையில் எழுத்தாக ஓடவிடும் படம் அது. அதன் பாட்டனார் என்று பலர் காட்டுவது, 1965இல் பாப் டிலன் லண்டனில் ஒரு சந்தில் நின்று, தன் பாட்டின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடும் காட்சி. தமிழ்த் திரையுலகில் இது தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. படம் வெளியாகும்வரை காட்சியை ஒளித்துவைக்க வேண்டும், பாட்டை மட்டும் பரப்ப வேண்டும் என்ற தேவைக்கு எழுத்துதான் விடையாயிற்று. இடையில் இசையமைப்பாளரும் பாடகரும் கூடத்தில் பாடுவதையும் சேர்க்கும் வழக்கத்தால், பின்னணிப் பாடகரின் முகம் கதாநாயகனுக்கு முன்பே ரசிகரைச் சந்திக்கிறது. முகத்தைப் பற்றி மேலே சொன்னதை இது மெல்ல மாற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் பார்வையாளர் மன்னிக்காத குற்றம் எழுத்துப்பிழை. கூடவே பாட முனைபவர் வரியைப் படித்துப் பாடுகிறார்; ஒற்று விடுபட்டாலும் லகர ளகரம் மாறினாலும் பாட்டுக்கே அவமானம். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் மட்டும் ஓடவிடும் வழக்கத்துக்கு என் ஆதரவு கிடையாது. ழகரத்தை அந்த எழுத்துகளில் தேடிக் களைத்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பெண்களைக் காட்டும் விதம் பற்றி ஏன் இத்தனை விமரிசனம்?

பெண்ணுடலை முகமில்லாமல் துண்டு துண்டாகக் காட்டுவதும், யாரோ ஒளிந்து பார்ப்பதுபோல் காமிராவை வைப்பதும் மியூசிக் வீடியோவின் மரபுகளுள் ஒன்றாக நெடுநாள் இருந்தது. குட்வினின் பட்டியலிலேயே அது ஒரு கூறு. ஒன்றை மரபு என்று சொல்வது அதற்கு நற்சான்று கொடுப்பதாகாது. இன்றைய பார்வையாளரில் பெண்களும் இருக்கிறார்கள். பின்தொடர்ந்து தொல்லை செய்வதைக் காதலாகக் காட்டும் காட்சிக்கு அவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுவதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அப்படிப்பட்ட காட்சிகளைத் தொகுக்கும் வேலையை நான் ஏற்பதில்லை.

நீளமும் தொடக்கமும் எப்படி இருக்க வேண்டும்? 'ஹூக் ஸ்டெப்' வேண்டுமா?

தொலைக்காட்சி இருந்த காலத்தில் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். கைப்பேசியில் யாரும் காத்திருப்பதில்லை. பறந்துவரும் காமிராவில் மலையையும் கடலையும் காட்டி, தயாரிப்பாளர் முதல் தேநீர் கொடுத்தவர் வரை பெயர் போடும் தொடக்கத்தை விட்டுவிடுங்கள். பெயர்களைக் கடைசியில் போடலாம், ஆனால் கட்டாயம் போடுங்கள். முன்னிசை நீளமென்றால் அதற்குள் முகத்தையாவது காட்டிவிட வேண்டும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பதற்கான நெட்டுவாக்குத் துண்டுகளும் தேவைப்படும் என்பதால், முக்கியமான அசைவு காட்சியின் நடுவில் அமையுமாறு எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் ஆடிப் பார்க்கக்கூடிய ஓர் அடியைத்தான் 'ஹூக் ஸ்டெப்' என்கிறோம். 2012 ஜூலையில் வந்த தென் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' குதிரை ஓட்டும் அடியால்தான் மொழி தெரியாதவர்களிடமும் சென்று சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் படமும் அதுவே. தமிழில், 'மாரி 2' படத்துக்காகப் பிரபுதேவா நடனம் அமைத்த 'ரவுடி பேபி' 2020இல் அந்த எண்ணிக்கையைத் தொட்டது. தனுஷும் சாய் பல்லவியும் ஆடும் அளவுக்கு நம்மால் ஆட முடியாது என்றாலும், அதில் ஓரிரு அசைவுகளைக் கல்யாண வீட்டில் யாரும் போட்டுவிடலாம். கடினமான அடிகளுக்கு நடுவே ஓர் எளிய அடியை வைத்து அதைப் பல்லவிக்கு மட்டும் ஒதுக்குவதுதான் நடன மாஸ்டரின் சாமர்த்தியம். மெல்லிசைப் பாட்டுக்கு இதையெல்லாம் திணிக்க வேண்டாம்.

மின்னும் விளக்குகளைப் பயன்படுத்தலாமா?

அளவோடு பயன்படுத்தலாம். ஒளி உணர்வுள்ள வலிப்பு நோய் உடையவர்களுக்கு வேகமாக மின்னும் ஒளி ஆபத்தானது. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. தவிர்க்க முடியாவிட்டால் தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் போடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் பார்வையாளர் கருத்தை எப்படி அறிவது?

'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும், அதிலும் நண்பர்களிடம் கேட்டால். பாட்டோடு சம்பந்தமில்லாத ஐந்தாறு பேரை, வெவ்வேறு வயதினராகப் பார்த்துத் தனித்தனியே உட்காரவையுங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டி, இது என்ன மாதிரிப் பாட்டாக இருக்கும் என்று கேளுங்கள். குத்துப்பாட்டுக்கு ஒருவர் 'சோகப் பாட்டா?' என்றால், நிறச் சாயலிலோ வெட்டிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பிறகு ஒலியோடு ஓட்டுங்கள். அப்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் கண் கைப்பேசிக்குப் போகிறது என்பதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மூவர் ஒரே இடத்தில் கண்ணை எடுத்தால், எவ்வளவு செலவழித்து எடுத்த காட்சியானாலும் அதைக் குறைக்கத்தான் வேண்டும்.

முடிந்ததும் இரண்டே கேள்விகள் போதும். 'பாடினது யார்?' என்பது முதல் கேள்வி. 'பல்லவியை ஒருமுறை சொல்லுங்கள்' என்பது இரண்டாவது. இரண்டாவதுக்குத் தவறான வரியை முணுமுணுத்தாலும் கவலையில்லை, மெட்டு சரியாக இருந்தால் சரி. முதல் கேள்விக்குக் கடற்கரை இளைஞரைக் கைகாட்டினால், பாடியவர் அந்த அறையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.